ஓசையும் வந்தது, புகையும் வந்தது: தீர்ந்துபோன நிவாரண இன்ஹேலர் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

ஆஸ்துமா உள்ளவர்கள் மூச்சுத்திணறலின்போது எடுக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலரில் இன்னும் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பது, அதைக் கையில் வைத்திருப்பவருக்கே தெரியாமல் போனால் என்ன நேரும் என்பதுதான் இந்த ஆய்வின் பொருள். இதில் வரும் பெண் ஒரே ஒருவர் அல்லர். திருப்பூர் வட்டாரத்தில் பின்னலாடைத் தொழிலில் இருக்கும் நோயாளிகளிடம் திரும்பத் திரும்பக் காணும் நிலைமைகளை ஒருவருடைய வரலாறாகத் தொகுத்திருக்கிறேன். கருவியின் இயக்கம், மருந்தின் அளவு, சிகிச்சை நெறிமுறை பற்றிய செய்திகள் அந்தத் தொகுப்பில் சேராதவை. அவை உள்ளது உள்ளபடி தரப்பட்டுள்ளன.

அன்றிரவு

வயது 42. பனியன் கம்பெனி ஒன்றில் பல ஆண்டுகளாக ஓவர்லாக் தைப்பவர். தீபாவளி இரவு பதினொன்றரை மணியளவில், ஒரே மூச்சில் இரண்டு சொற்களுக்கு மேல் பேச முடியாத நிலையில், உறவினர் ஒருவரின் காரில் அவசரப் பிரிவுக்கு அழைத்துவரப்பட்டார். மாலையிலிருந்தே பட்டாசுப் புகையால் நெஞ்சு இறுகியிருக்கிறது. எட்டு மணிக்கு இன்ஹேலரில் இரண்டு முறை உறிஞ்சியிருக்கிறார், அடங்கவில்லை. ஒன்பதுக்கு நான்கு முறை. அதன்பின் அரைமணிக்கு ஒருமுறை இரண்டிரண்டாக. அதற்குள் கணவர் புதிய இன்ஹேலர் வாங்கப் புறப்பட்டு, திறந்திருக்கும் மருந்துக்கடை ஒன்றும் அகப்படாமல் திரும்பியிருக்கிறார். 108 ஆம்புலன்ஸை அழைக்கலாம் என்ற எண்ணம் வீட்டில் யாருக்கும் வரவில்லை. கையில் மருந்து இருக்கிறது, அது வேலை செய்துகொண்டிருக்கிறது என்றே எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

வந்தபோது ஆக்சிஜன் செறிவு 88 விழுக்காடு, மூச்சு நிமிடத்துக்கு 32, நாடித்துடிப்பு 126. இரு நுரையீரல்களிலும் பரவலாக இரைப்பொலி கேட்டது. மூச்சை முழுப் பலத்தோடு வெளியே ஊதும் வேகம் நிமிடத்துக்கு 140 லிட்டர். இவர் உயரத்துக்கும் வயதுக்கும் அது ஏறத்தாழ 400 இருக்க வேண்டும். ஆக்சிஜன் கொடுத்து, சால்பியூட்டமாலும், காற்றுக்குழாயை விரிக்கும் இன்னொரு மருந்தான இப்ராட்ரோப்பியமும் சேர்த்து இருபது நிமிடங்களுக்கு ஒருமுறையாக மூன்று தடவை நெபுலைசர் வைத்து, பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு 40 மில்லிகிராம் விழுங்கக் கொடுத்தார்கள். இரண்டு மணி நேரத்தில் செறிவு 95 ஆனது. ஊதும் வேகம் 230ஐத் தொட்டது. மறுநாள் மாலை வீடு திரும்பினார். மருத்துவப் பகுதி இவ்வளவுதான். இதில் புதுமை எதுவும் இல்லை.

ஆராய வேண்டியது அவர் கைப்பையில் இருந்தது. முழுவாக்கியம் பேச முடிந்ததும் அவர் சொன்ன முதல் செய்தி இது: "சத்தம் வருதுங்க, புகையாட்டமா மருந்தும் வருதுங்க, ஆனா மூச்சு மட்டும் எறங்கவே இல்லீங்க."

குப்பியும் கைப்பேசியும்

அந்த இன்ஹேலரில், இன்னும் எத்தனை பீச்சல் மிச்சம் என்று காட்டும் எண்காட்டி இல்லை. லேபிளில் 200 பீச்சல், ஒவ்வொன்றிலும் 100 மைக்ரோகிராம் என்று இருந்தது. குலுக்கினால் உள்ளே திரவம் அலைவது கையில் தெரிந்தது. அழுத்தினால் வெண்புகை வந்தது. ஓசையும் புதிய இன்ஹேலரின் ஓசைதான். பணியில் இருந்த செவிலியர் அதைப் பார்த்துவிட்டு, "இதில் மருந்து இருக்கிறதே" என்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கண்ணும் காதும் கையும் அந்த முடிவைத்தான் தரும்.

வீட்டிலும் ஒரு சோதனை நடந்திருக்கிறது. தீபாவளிக்குச் சில நாள் முன்பு, மருந்து குறைந்துவிட்டதோ என்று இவருக்கே ஐயம் வந்து, கணவரின் அண்ணன் உலோகக் குப்பியைத் தனியே கழற்றித் தண்ணீர்ச் சொம்பில் போட்டுப் பார்த்தார். குப்பி மேலே வந்து படுக்காமல் செங்குத்தாக நின்றது. "பாதிக்கு மேல இருக்குது" என்று அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

இந்தத் தீர்ப்பைச் சரிபார்க்க உதவியது கைப்பேசி. மருந்துக்கடைக்குப் பணம் அனுப்பிய பதிவுகள் அதில் தேதியோடு இருந்தன. ஏப்ரல் இறுதியிலிருந்து இவர் வாங்கிய நிவாரண இன்ஹேலர்கள் மூன்று. முதலாவது ஏறத்தாழ 80 நாள் ஓடியிருக்கிறது. இரண்டாவது 60 நாள். மூன்றாவதைத் திறந்து தீபாவளியன்று 47 நாள் ஆகியிருந்தது. வேலைக்குப் போகுமுன் இரண்டு பீச்சல், இரவு படுக்குமுன் இரண்டு பீச்சல் என்பது இந்த மூன்றாவதில் அவருடைய வழக்கம். அந்தக் கணக்கிலேயே 188 ஆகிவிடுகிறது. இடையில் பஞ்சுத்தூசி மிகுந்த நாள்களிலும், விடியற்காலையில் இருமி எழுந்த இரவுகளிலும் கூடுதலாக எடுத்தவற்றைச் சேர்த்தால், தீபாவளிக்குச் சில நாள்கள் முன்னதாகவே 200 கடந்துவிட்டது என்று கொள்ள வேண்டியிருக்கிறது. அன்று மாலை எடுத்த பன்னிரண்டுக்கு மேற்பட்ட பீச்சல்களும் அந்த எல்லைக்கு அப்பாற்பட்டவை.

குப்பி ஏன் காட்டிக்கொடுப்பதில்லை

குப்பிக்குள் இருப்பவை இரண்டு. ஒன்று சால்பியூட்டமாலின் மிக நுண்ணிய துகள்கள். மற்றொன்று அவற்றை வெளித்தள்ளும் வாயு. இந்த வாயு அழுத்தத்தால் திரவமாக்கப்பட்டு அடைக்கப்பட்டிருக்கிறது. குப்பியின் வாயில் உள்ள வால்வுக்குள் ஒரு சிறிய அளவறை இருக்கிறது. அழுத்தும்போது அந்த அறையில் நிரம்பியிருப்பது மட்டும் வெளியேறும். விரலை எடுத்ததும் குப்பியிலிருந்து அடுத்த அளவு அறைக்குள் இறங்கும். ஒவ்வொரு பீச்சலும் ஒரே அளவாக இருப்பது இந்த அமைப்பால்தான்.

திரவமாக்கிய வாயு ஒரு கலத்துக்குள் இருக்கும்போது, உள்ளே உள்ள அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்தே அமைகிறது. எவ்வளவு திரவம் மிச்சம் என்பது அழுத்தத்தைப் பாதிப்பதில்லை. ஒரு சொட்டுத் திரவம் இருக்கும்வரை அழுத்தம் குறையாது. வீட்டு கேஸ் சிலிண்டர் கடைசி நாள்வரை அதே சுடரைத் தந்துவிட்டுச் சட்டென்று அடங்குவதும் இதே காரணத்தால்தான். ஆகவே இருநூறாவது பீச்சல் முதல் பீச்சலைப் போலவே வேகமாக வருகிறது. இருநூற்றுப் பத்தாவதும் அப்படியே வருகிறது. சிலிண்டரிலாவது சுடர் அணைந்தால் அடுப்பு எரியவில்லை என்று தெரியும். இன்ஹேலரில் மருந்து நின்ற பிறகும் வாயு வந்துகொண்டிருக்கும்.

குறித்த எண்ணிக்கைக்குப் பிறகும் வாயு இருப்பதற்குக் காரணம், தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே கூடுதலாக அடைப்பதுதான். கடைசிப் பீச்சல்வரை அளவறை முழுமையாக நிரம்ப வேண்டுமானால் குப்பியில் கொஞ்சம் திரவம் எப்போதும் எஞ்சியிருக்க வேண்டும். அமெரிக்காவில் விற்கும் வென்டொலின் என்ற சால்பியூட்டமால் இன்ஹேலரை எடுத்துக்கொள்வோம். அதில் அடைத்திருப்பது 18 கிராம். வால்விலிருந்து ஒரு பீச்சலுக்கு வெளியேறுவது 75 மில்லிகிராம். இருநூறு பீச்சலுக்கு 15 கிராம் போதும். எஞ்சும் 3 கிராம், எடைக் கணக்கில் இன்னும் நாற்பது பீச்சலுக்குச் சமம். தொடக்கத்தில் காற்றில் வீணாக அடிக்கும் நான்கும், நாள்போக்கில் கசியும் சிறு அளவும் போக, மீதி முழுவதும் பயனாளியை ஏமாற்றுவதற்கென்றே உள்ளே இருக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது. அந்தக் கட்டத்தில் அளவறை ஒருமுறை பாதி நிரம்பும், ஒருமுறை நிரம்பாது. ஒரு பீச்சலில் ஏறத்தாழ முழு அளவு மருந்து வரலாம், அடுத்ததில் மிகக் குறைவாக வரலாம். எது எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பிளாஸ்டிக் உறையில் மருந்து வெளியேறும் துளை மிகச் சிறியது. வாரக்கணக்கில் கழுவாவிட்டால் மருந்துத்தூள் படிந்து அடைத்துக்கொள்ளும். அப்போது புகை மெலிதாக வரும் அல்லது வராது. மருந்து தீர்ந்துவிட்டது என்று எண்ணி, பாதி நிறைந்த குப்பியைக் குப்பையில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். புகை வருவதை வைத்து "இருக்கிறது" என்பதும், வராததை வைத்து "இல்லை" என்பதும் ஒரே அளவுக்கு நம்பத்தகாதவை.

சொம்புச் சோதனை எங்கிருந்து வந்தது

கணவரின் அண்ணன் செய்தது அவராகக் கண்டுபிடித்த வழியன்று. குளோரோஃப்ளூரோகார்பன் வாயுவில் இயங்கிய பழைய இன்ஹேலர்களின் காலத்தில் மருத்துவப் பணியாளர்களே இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். நிறைந்த குப்பி மூழ்கும், பாதியானது செங்குத்தாக நிற்கும், தீர்ந்தது பக்கவாட்டில் மிதக்கும் என்று படம் போட்டுக் காட்டிய கையேடுகள் இருந்தன. ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் கையெழுத்தான மான்ட்ரியல் உடன்பாட்டின் விளைவாக அந்த வாயு விலக்கப்பட்டு, எச்எஃப்ஏ-134ஏ என்ற வாயு அதன் இடத்துக்கு வந்தது. அதன் அடர்த்தி வேறு, குப்பிகளின் அளவும் எடையும் வேறு. ஒரு நிறுவனத்தின் குப்பி நிற்கும் நிலையில் இன்னொரு நிறுவனத்தின் குப்பி படுக்கும். பழைய குப்பிகளிலேயே இந்தச் சோதனை ஒழுங்காகப் பொருந்தியதில்லை.

அடிப்படையான குறை வேறொன்று. மிதப்பது எதையாவது காட்டுகிறது என்றால், அது உள்ளே உள்ள மொத்த எடையைத்தான் காட்டும். அதில் மிகப்பெரும் பகுதி வாயு. மருந்தின் எடை அதில் பொருட்படுத்தத் தக்கதே அன்று. போதாததற்கு, தண்ணீர் வால்வின் தண்டுக்குள் புகுந்தால் அடுத்த சில பீச்சல்கள் கெட்டுப்போகின்றன. அமெரிக்காவில் 2004இல் வெளியான ஓர் ஆய்வு இதை நேரடியாகச் சோதித்து, நீரிலிடுவதால் வால்வு வாய் அடைபடுவது அரிதன்று என்று காட்டியது. ஓசை நிற்கும்வரை பயன்படுத்துவதே பெரும்பாலான குடும்பங்களின் வழக்கம் என்பதும், அப்படிச் செய்பவர்கள் குறித்த எண்ணிக்கையை வெகுவாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தன. 2006இல் வெளியான மற்றோர் அமெரிக்கக் கணக்கெடுப்பில், நிவாரண இன்ஹேலர் பயன்படுத்துவோரில் நான்கில் ஒருவர், மூச்சுத்திணறலின் நடுவில் இன்ஹேலர் காலியாக இருக்கக் கண்ட அனுபவத்தைச் சொன்னார்கள். படிப்பறிவோ ஊரோ இதற்குக் காரணமன்று. கருவியின் இயல்பே இப்படி.

அளவு தரும் இன்ஹேலர் முதலில் விற்பனைக்கு வந்தது 1956இல். புதிதாக உருவாக்கும் இன்ஹேலர்களில் எண்காட்டி சேர்க்கப்பட வேண்டும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் தயாரிப்பாளர்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது 2003இல். இடைப்பட்ட அரை நூற்றாண்டு ஒரு நியாயமான காலமாக எனக்குத் தோன்றவில்லை. நம் மருந்துக்கடைகளில் எண்காட்டி உள்ளதும் இல்லாததும் இரண்டுமே கிடைக்கின்றன. கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு, ஏனென்றால் கேட்கச் சொல்கிறவர்கள் குறைவு.

எவ்வளவு மிச்சம் என்பதைவிடப் பெரிய கேள்வி

கைப்பேசியில் இருந்த தேதிகளுக்குத் திரும்புவோம். 80, 60, 47 என்று குறைந்துகொண்டே வந்த அந்த இடைவெளிதான் இந்த நிகழ்வில் மிக முக்கியமான மருத்துவக் குறிப்பு என்று நினைக்கிறேன். அவசரப் பிரிவில் எடுத்த அளவீடுகள் அன்றிரவின் நிலையைச் சொன்னன. இந்த மூன்று எண்கள் ஆறு மாதமாக நோய் எந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது என்பதைச் சொல்கின்றன.

நோய் கட்டுக்குள் இருப்பவர் வாரத்துக்கு இரண்டு தடவை, தடவைக்கு இரண்டு பீச்சல் என எடுத்தால், 200 பீச்சல் கொண்ட ஒரு குப்பி ஏறத்தாழ ஓராண்டுக்கு வரும். ஓராண்டில் மூன்று அல்லது அதற்கு மேல் வாங்குகிறவர்களுக்குக் கடும் மூச்சுத்திணறலுக்கான வாய்ப்பு கூடுகிறது என்றும், பன்னிரண்டு அல்லது அதற்கு மேல் போனால் இறப்புக்கான வாய்ப்பும் கூடுகிறது என்றும் ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டுதலான ஜினா எச்சரிக்கிறது. இவர் ஆறு மாதத்தில் மூன்று முடித்திருந்தார். பிரிட்டனில் ஆஸ்துமா இறப்புகளை ஆராய்ந்து 2014இல் வெளிவந்த தேசிய அறிக்கையில், இன்ஹேலர் எண்ணிக்கை பதிவாகியிருந்த 165 பேரில் 65 பேருக்கு, இறப்புக்கு முந்தைய ஓராண்டில் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட நிவாரண இன்ஹேலர்கள் எழுதித்தரப்பட்டிருந்தன. மருந்துச்சீட்டு எழுதியவர்கள் அந்தத் தாள்களை அடுக்கிப் பார்த்திருந்தாலே எச்சரிக்கை கிடைத்திருக்கும்.

இங்கே சீட்டும் இல்லை. சால்பியூட்டமால் சட்டப்படி மருத்துவர் சீட்டின் பேரில் விற்க வேண்டிய மருந்து. நடைமுறையில் பழைய குப்பியைக் காட்டினால் புதியது கிடைக்கிறது. இரண்டாண்டுக்கு முன் இவருக்குத் தடுப்பு மருந்தாக பியூடெசோனைடு இன்ஹேலர் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். உறிஞ்சியவுடன் எந்த மாற்றமும் தெரியாததால் இரண்டு மாதத்தில் விட்டுவிட்டார். நீல நிறச் சால்பியூட்டமால் இன்ஹேலர் ஐந்து நிமிடத்தில் நெஞ்சைத் தளர்த்தியது, அது மட்டும் நிலைத்தது. காற்றுக்குழாயின் அழற்சி ஆறாமல் கிடக்க, அதன் மேல் குழாயை விரிக்கும் மருந்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனதன் விளைவுதான் அந்த மூன்று எண்கள்.

இந்த நிகழ்வு எதை நிறுவவில்லை

தீர்ந்துபோன குப்பிதான் அன்றிரவு ஆபத்துக்குக் காரணம் என்று இந்த ஒரு நிகழ்வைக் கொண்டு உறுதியாகச் சொல்ல இயலாது. கடுமையான இழுப்பில் நிறைந்த இன்ஹேலரும் போதாமல் போவதுண்டு. இன்ஹேலரோடு பொருத்தி மருந்தைப் பிடித்துவைத்து உறிஞ்ச உதவும் ஸ்பேசர் என்ற குழல் இல்லாமல், பதற்றத்தில், அழுத்துவதும் உறிஞ்சுவதும் ஒத்துப்போகாமல் எடுத்த மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே படிந்திருக்கும். மருத்துவமனையில் நிலை தேறியதற்கு நெபுலைசரில் சென்ற சால்பியூட்டமால் மட்டுமன்றி இப்ராட்ரோப்பியமும் ஆக்சிஜனும் ஸ்டீராய்டும் சேர்ந்தே காரணம். குப்பியை எடைபோட்டுப் பார்க்கலாம் என்றால், தொடக்க எடை தெரிந்திருக்க வேண்டும்; தெரிந்தாலும் அது வாயுவின் கணக்கைத்தான் தரும்.

ஐயமின்றிச் சொல்ல முடிவது ஒன்று உண்டு. மருந்து இருக்கிறது என்ற தவறான நம்பிக்கை மூன்றரை மணி நேரத்தைத் தின்றது. காலியாக இருப்பது எட்டு மணிக்கே தெரிந்திருந்தால், ஒன்பது மணிக்கு அவர் மருத்துவமனையில் இருந்திருப்பார்.

அதன்பின் செய்தவை

சால்பியூட்டமாலை மட்டும் நம்பியிருக்கும் முறை நிறுத்தப்பட்டது. அழற்சியைக் குறைக்கும் பியூடெசோனைடும் காற்றுக்குழாயை விரிக்கும் ஃபார்மோட்டெராலும் கலந்த இன்ஹேலர், காலை இரண்டு, இரவு இரண்டு பீச்சல் என்று எழுதப்பட்டது. இடையில் இழுப்பு வந்தாலும் அதையே ஒவ்வொன்றாக எடுக்கலாம், ஆனால் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்குப் பன்னிரண்டைத் தாண்டக் கூடாது என்று வரம்பும் சொல்லப்பட்டது. 2019க்குப் பின் ஜினா முன்வைக்கும் முறை இது.

மருத்துவ நோக்கில் இது நல்ல மாற்றம். எண்ணும் நோக்கில் ஒரு சிக்கல் உண்டு. வேளைப்படி மட்டும் எடுக்கும் தடுப்பு மருந்தானால் நாள்காட்டி போதும்: 120 பீச்சல், நாளுக்கு நான்கு, முப்பதாம் நாள் முடியும். அதே குப்பி நிவாரணத்துக்கும் பயன்படும்போது இந்தக் கணக்கு உடைந்துவிடுகிறது. எத்தனை முறை கூடுதலாக எடுத்தோம் என்பதை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு அரைத்தூக்கத்தில் எடுத்ததை ஒருபோதும் வைத்திருப்பதில்லை. எனவே எண்காட்டி உள்ள வகைதான் வேண்டும் என்று சீட்டிலேயே எழுதப்பட்டது. கேப்சூலில் உள்ள தூள்மருந்தை உறிஞ்சும் ரோட்டாஹேலர் பயன்படுத்துவோருக்கு இந்தத் தொல்லையே கிடையாது. டப்பாவைத் திறந்தால் எத்தனை கேப்சூல் மிச்சம் என்று கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் கடும் இழுப்பின்போது தூள்மருந்தை வேகமாக இழுக்க மூச்சு வேண்டும் என்பதால் இவருக்கு அது பரிந்துரைக்கப்படவில்லை.

எண்காட்டி இல்லாத இன்ஹேலர் மட்டுமே கிடைக்கும் இடங்களில், திறந்த தேதியைப் பிளாஸ்டிக் உறையின் மேல் அழியாத மையால் எழுதி, ஒரு காகிதப்பட்டையை ஒட்டி, பத்துப் பீச்சலுக்கு ஒரு கோடு போட்டுவருவது போதுமான வழி. கடையில் வாங்கியதும் காற்றில் அடித்துச் சரிபார்க்கும் பீச்சல்களும், பல நாள் சும்மா கிடந்த குப்பியை மறுபடி தொடங்கும்போது அடிப்பவையும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். கைப்பையில் ஒன்று, தலையணைக்கடியில் ஒன்று என இரண்டைச் சேர்ந்தாற்போலத் திறந்து வைத்தால் எந்தக் கணக்கும் நிற்காது.

எப்போது புதியதை வாங்க வேண்டும் என்பதில் என் கருத்து தயாரிப்பாளர்களின் கருத்தைவிடக் கொஞ்சம் கண்டிப்பானது. வென்டொலின் எண்காட்டி 20 காட்டும்போது அடுத்ததற்கு ஏற்பாடு செய்யச் சொல்கிறார்கள். கடும் இழுப்பில் முதல் ஒரு மணி நேரத்துக்கு, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை 4 முதல் 10 பீச்சல்வரை ஸ்பேசர் வழியே தரலாம் என்பது ஜினாவின் நெறி. அதன்படி ஒரு மணி நேரத்தில் 30 வரை செலவாகலாம். இருபது மிச்சமுள்ள குப்பி அந்த ஒரு மணி நேரத்துக்கே போதாது. ஒருமுறை மருத்துவமனை சென்று திரும்பியவர், 40 மிச்சமிருக்கும்போதே அடுத்ததை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பண்டிகையும் தொடர் விடுமுறையும் வரும் வாரமானால் அதற்கும் முன்பே.

உறையை வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான நீரில் கழுவி உலரவிட வேண்டும், உலோகக் குப்பி மட்டும் நனையக் கூடாது என்பதும் சொல்லப்பட்டது. உடனிருந்த கணவரின் அண்ணன் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

புதிய இன்ஹேலர் தொடங்கிப் பதினைந்தாம் நாள் வந்தபோது ஊதும் வேகம் 340 இருந்தது. இரவில் எழுவது நின்றிருக்கிறது என்றார். எண்காட்டி 60 காட்டியிருக்க வேண்டும், 46 காட்டியது. கூடுதலாகப் போன 14 பீச்சல் எப்போது என்று கேட்டதற்கு முதலில் நினைவில்லை என்றவர், பிறகு யோசித்து, வேலைக்குத் திரும்பிய முதல் வாரம் முழுவதும் கட்டிங் பகுதியை ஒட்டிய மெஷினில் உட்காரவைத்திருந்தார்கள் என்றார். நூல்தூசி பறக்கும் இடத்திலிருந்து தள்ளி வேலை தரும்படி சூப்பர்வைசருக்கு ஒரு கடிதம் எழுதிக்கொடுக்கப்பட்டது. அடுத்த மாதம் அவர் செக்கிங் பகுதியில் இருந்தார். அந்த மாதத்துக் குப்பியில் எண்காட்டியின் கணக்கும் நாள்காட்டியின் கணக்கும் மூன்று பீச்சல் மட்டுமே வேறுபட்டன.